டெய்சி என்ற வரி

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு அன்று கடைசி நாள். சென்னையில் வேறு வேலை கிடைத்திருந்தது. கிளம்பும் முன், சர்வரில் தனித்தனிக் கன்டெய்னர்களாக ஓடும் புரோகிராம்கள் எவ்வளவு மெமரி எடுக்கின்றன என்று பார்க்க 'டாக்கர் ஸ்டாட்ஸ்' என்று அடித்தேன். நான்கு வரிகள் வர வேண்டும். ஐந்து வந்தன. ஐந்தாவதன் பெயர் டெய்சி.

லாரி எடைமேடைக்காக என் மனைவி டெய்சி எழுதிய புரோகிராம் அது. அவள் இறந்த முப்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், வேறு புரோகிராம் போட்டுவிட்டு நானே அதை அழித்திருந்தேன். அதற்கு மட்டும் மெமரி வரம்பு வைக்க அவள் மறந்திருந்தாள். வரம்பில்லாதது மொத்த சர்வரையும் விழுங்கலாம்.

இப்போது நான்கு சதவீதம். மறுபடி அழித்தேன். அடுத்த நொடியே வந்துவிட்டது.

"நாலுதான, விடுங்க மாப்ள. மூணு மணி பஸ்ஸப் புடிங்க" என்றார் பக்கத்தில் நின்ற அவள் அண்ணன் மரிய செல்வம். எடைமேடை அவர் பொறுப்பு.

பையோடு கேட் வரை போனேன். போன் வந்தது.

"தொண்ணூறு மாப்ள! எடைமேடை நின்னுபோச்சு. லாரிக்காரனுங்க கத்துறானுங்க."

திரும்பி நடந்தேன். அவர் ஸ்கிரீனைப் பார்த்துப் போனில் எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபது. நாற்பது. மாடிப்படியில் பன்னிரண்டு. நாற்காலியில் உட்கார்ந்ததும் நான்கு.

மூன்று மணி பஸ் போய்விட்டது.

"சின்னப் புள்ளயிலேருந்தே இப்படித்தான். புடிச்சா வுட மாட்டா" என்றார் மரிய செல்வம்.

நாற்காலியிலிருந்து சற்றே எழுந்து பார்த்தேன். ஐந்து.

உட்கார்ந்தேன்.