நூற்றுப் பதினேழாம் வீட்டுப் பெட்டி

கருத்தரங்கத் திரையில் நீலக்கோடு விறுவிறுவென்று ஏறுகிறது. சேமிப்புப் பெட்டி பெற்ற நூறு வீடுகளின் கோடு அது. பெறாத நூறு வீடுகளின் சிவப்புக்கோடு கீழேயே படுத்துக் கிடக்கிறது. "சேமிப்பு கூடினதுக்குப் பெட்டிதான் காரணம், வேற எதுவுமில்ல" என்று பேராசிரியர் பெட்டி பெற்ற நூற்றுப் பதினேழாம் வீட்டை உதாரணம் காட்ட, அறை கைதட்டுகிறது. கடைசி வரிசைக்காரி மட்டும் மடியிலிருக்கும் துணிப்பையை விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி அவருக்குக் கணக்கெடுத்தவள் அவள். பெட்டியில்லாமலே நன்றாகச் சேமித்த நாற்பது வீடுகளை, பெட்டியிருந்தும் சேமிக்காத நாற்பதோடு இடம்மாற்றி, பெட்டி பெற்றவையாக எழுதச் சொன்னார், மறுத்தாள். பொய்க்கணக்குக்காரி என்று அவளுக்கே பட்டம் கட்டித் துரத்தினார். அது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது எழுந்து, அவசரமே இல்லாமல் நடக்கிறாள். பையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்து, திரைக்குப் போகும் வெளிச்சத்தின் குறுக்கே மேசைமேல் வைக்கிறாள். நீலக்கோட்டின்மேல் கறுப்பாக நிழல் விழுகிறது. பெட்டியில் 117 என்ற எண். சுற்றிய கண்ணாடித்தாள் இன்னும் பிரிபடவில்லை. உள்ளே சாவிகள் கலகலக்கின்றன. "அந்த வீட்டுக்கு ஆய்வு முடிஞ்சதும் தர்றதா சொல்லிக் கிடங்குல பூட்டினீங்களே சார், அந்தப் பெட்டி. இன்னும் அங்கதான் இருந்துச்சு." பேராசிரியர் கையிலிருந்த ஒளிச்சுட்டியின் சிவப்புப் புள்ளி சுவரெங்கும் அலைகிறது. "ஒண்ணு ரெண்டு தப்பாகுறது சகஜம்மா" என்று சிரிக்கப் பார்க்கிறார். அவளும் சிரிக்கிறாள். "மீதி முப்பத்தொன்பதும் வாசல்ல வேன்ல இருக்கு சார். இறக்கச் சொல்லவா?"