பறந்துபோன தொப்பி

"சீட்டை விட்டு எழுந்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் வெண்டல். அவர் மனைவி லொரீன் பாதி எழுந்தபடி நின்றாள்.

"வேகவச்ச கடலை வாங்கிட்டு வந்துடறேன்."

"இப்பவா? கடைசி இன்னிங்ஸ் நடக்குது, கடலை கேக்குதா உனக்கு?"

ஜார்ஜியாவின் அந்தச் சின்ன காலேஜ் மைதானமே வாயடைத்துப் போயிருந்தது. நடுமேட்டில் நின்று பந்து வீசிக்கொண்டிருந்தவன் இவர்கள் மகன் ரீஸ். எதிரணியில் ஒருத்தனைக்கூட அவன் பந்தை அடித்து ஓட விடவில்லை. இன்னும் ரெண்டே ரெண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டால் பேஸ்பால்காரன் வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற பெருமை. பெரிய டீம்களுக்கு ஆள் பொறுக்க வந்தவர்கள் வேறு வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மாதிரி சமயத்தில் அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது பேஸ்பால்காரர்கள் நம்பிக்கை. உட்கார்ந்த இடம் மாறக் கூடாது. டீம் பையன்களே இடைவேளையில் ரீஸ் பக்கத்தில் உட்காராமல் பெஞ்சில் அவனைத் தனியாக விட்டிருந்தார்கள். வெண்டல் பாத்ரூம்கூடப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம்.

"வெண்டல், அவன் விரலைப் பாரேன். ஒவ்வொரு பந்துக்கும் மடக்கி மடக்கி உதறறான். ஆபரேஷனுக்கு முன்னாடியும் இப்படித்தான்..."

"உஷ்! அவனைப் பத்திப் பேசாதே. திருஷ்டி பட்டுடும்!"

ரெண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ரீஸின் மணிக்கட்டிலிருந்து தசைநாரை எடுத்து முழங்கையில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

லொரீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். விடுவிடுவென்று படியிறங்கிப் போயே விட்டாள்.

வெண்டலுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, எதிரணிப் பையன் பந்தை ஓரத்தில் தட்டித் தட்டி விளையாடிக் கடைசியில் அவுட் ஆனான். இன்னும் ஒரே ஒருத்தன்!

லொரீன் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"கடலை?"

"கடை மூடிட்டான்."

"தொப்பி எங்கே?"

ரீஸ் சின்னப் பையனாக விளையாட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் போட்டுவரும் பச்சைத் தொப்பி. முன் பல் விழுந்த ரீஸ் சிரிக்கிற படத்தை அதில் குத்தி வைத்திருப்பாள். அந்த ராசியான தொப்பி இல்லாமல் ஒரு மேட்சுக்கும் அவள் வந்ததில்லை.

"காத்துல பறந்துடுச்சு."

"காத்தா? ஒரு இலை அசையலையே!"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, ரீஸ் டீமின் கோச் ஹோல்காம் மைதானத்துக்குள் நடந்து வந்தார். ரீஸ் முன்னால் நின்று கையை நீட்டினார். பந்தைக் கொடு, நீ போகலாம் என்று அர்த்தம்.

கூட்டம் ஊளையிட்டது. ரீஸ் பந்தைக் கொடுத்துவிட்டு, கோச் முகத்தைக்கூடப் பார்க்காமல், கையுறையை வீசியெறிந்துவிட்டுப் போனான். மாற்றாக வந்தவனின் முதல் பந்தையே எதிரணிக்காரன் விளாசினான். போச்சு. எல்லாம் போச்சு. அப்புறம் மேட்சை ஜெயித்தார்கள்தான், அது யாருக்கு வேண்டும்?

"உன்னாலதான்! எழுந்து போனே, தொப்பியைத் தொலைச்சே!"

"ஆமா, என்னாலதான்" என்றாள் லொரீன். "நான் வண்டியில இருக்கேன்."

வெண்டல் நேரே கோச்சிடம் போனார்.

"யோவ், உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? என் பிள்ளை பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

"என் முடிவுதான் வெண்டல். என்னைத் திட்டுங்க."

"திட்டறதா? உன்னை இந்த ஊரை விட்டே துரத்தறேன் பாரு!"

கோச் அந்தப் பக்கம் திரும்பினார். குனிந்து பந்துகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். அவர் பின்பாக்கெட்டில் பச்சையாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. அதில் முன் பல் இல்லாத ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வெண்டல் அதை விரலால் காட்டினார்.

"அது... அது எப்படி உங்ககிட்ட?"

கோச் தயங்கினார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். சீசன் ஆரம்பத்துல உங்க வீட்டம்மா வந்தாங்க. 'வலிக்குதுன்னு என் பையன் சாகிற வரைக்கும் சொல்ல மாட்டான். எனக்கு அவன் கையைப் பார்த்தாலே தெரியும். என்னிக்கு இந்தத் தொப்பி உங்க கைக்கு வருதோ, அன்னிக்கு ஒண்ணும் கேக்காம அவனை வெளியே எடுத்துடுங்க'ன்னாங்க."

"அவன்... எப்படி இருக்கான்?"

"உள்ளே ஐஸ் வச்சிருக்காங்க. சுண்டுவிரல்ல உணர்ச்சியே இல்லையாம். தையல் நல்லபடியா இருக்கு. இன்னும் ரெண்டு பந்து போட்டிருந்தா அதுவும் பிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தா மறுபடி வீசலாமாம்."

"இவ்வளவு திட்டறேன், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பையன் என்னை வெறுத்தாப் பரவாயில்லை. நாளைக்கே மறந்துடுவான். அம்மாவை வெறுக்கக் கூடாதில்லையா?"

வெண்டல் தொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வண்டியில் லொரீன் முன்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவள் தலையில் தொப்பியை வைத்தார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "இது... எங்கே கிடைச்சுது?"

"காத்து திருப்பிக் கொண்டுவந்து போட்டுச்சு" என்றார் வெண்டல். "அடுத்த மேட்ச்ல உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எழுந்து போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."