எரிந்த படப்பு

முத்திருளனின் சட்டைப் பைக்குள் கையை விட்ட சோலைமலை, தீப்பெட்டியை வெளியே எடுத்துக் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.

"பாத்துக்கங்கப்பா! பத்த வச்ச பெட்டிய பையிலயே வச்சுக்கிட்டுத் திரியிறான்."

அவனுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு கரிக்குவியலாகப் புகைந்துகொண்டிருந்தது. அடுத்த அறுவடை வரைக்கும் மாடுகளுக்கு இருந்த தீவனம் அது ஒன்றுதான். கீழக்குயில்குடியில் பாதிப் பேர் குடமும் வாளியுமாக அங்கே நின்றார்கள். ஒருவர் முகத்திலும் இரக்கம் இல்லை.

முத்திருளனை வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து தாடை வரை ரத்தம் வழிந்திருந்தது. சோலைமலையின் தங்கை தமிழ்ச்செல்வியின் புருஷன் அவன். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் இருக்கும் மனைவியைக் கூப்பிட்டுப் போக வந்திருந்தான். அவள் வெளியே வரவே இல்லை. ஆத்திரத்தில், "குடும்பத்தோட கொளுத்திருவேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுத் திரும்பினான். அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் படப்பில் தீ.

"சத்தியமா நான் வைக்கல மச்சான். கோவத்துல வாய் தவறிச் சொன்னது."

"யார்ரா உனக்கு மச்சான்? போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அப்போதுதான் தமிழ்ச்செல்வி வீட்டிலிருந்து வெளியே வந்தாள். திருப்பரங்குன்றத்தில் அவளும் முத்திருளனும் நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் பாதியை அவள்தான் பழுது பார்ப்பாள். வாடிக்கையாளர் முன்னால் முத்திருளன் அவளைக் கன்னத்தில் அறைந்த அன்றைக்குக் கிளம்பி வந்தவள்.

மரத்தில் கட்டியிருந்தவனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற அண்ணனின் பழைய பெட்ரோல் மினி லாரியைத்தான் பார்த்தாள். அதன் பின்சக்கரத்தில் சேறு தெறிக்காமல் தடுக்கும் ரப்பர் தட்டி உருகித் தொங்கியது.

"அண்ணே, தீப்பிடிக்கும்போது வண்டி எங்க நின்னுச்சு?"

"படப்ப ஒட்டித்தான். விளாங்குடியில லோடு இறக்கிட்டு அப்பத்தான் வந்து நிறுத்துனேன். நல்லவேளை, தள்ளிட்டோம்."

"அடியில வைக்கோல் கெடந்துச்சா?"

"படப்புக்கிட்ட வைக்கோல் கெடக்காம வேறென்ன கெடக்கும்?"

"சாவியக் குடு."

சோலைமலையின் மனைவி தங்கப்பொண்ணு பாய்ந்து குறுக்கே வந்தாள். "இந்தா கெளம்பிட்டால்ல! புருசனக் காப்பாத்தணுமாம். நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு நமக்கே குழி பறிக்கிறா!"

தமிழ்ச்செல்வி அண்ணன் கையிலிருந்து சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினாள். வண்டி முழுக்க உதறியது. மீட்டர் பலகையில் ஓர் இடத்தில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் பிய்த்தாள். அடியில், எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இத யாரு ஒட்டுனது?"

"எந்நேரமும் எரிஞ்சு உசுர வாங்குச்சு. உங்க அண்ணிகிட்டப் பொட்டு வாங்கி நான்தான் ஒட்டுனேன். வண்டி ஓடுதுல்ல, அப்புறமென்ன?"

அவள் சீட்டைத் தூக்கினாள். கையில் காய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் ஒரு பிளக் வயரைப் பிடுங்கினாள். எஞ்சின் அடங்கப் பார்த்தது. அதை மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்தப் பிளக் எரியல. இதுக்குப் போற பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகுது. அங்க புகையச் சுத்தம் பண்ண கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்கு. பச்சப் பெட்ரோல் அதுக்குள்ள போய் எரிஞ்சா இரும்பு பழுத்துரும்."

"கதை விடாத தமிழு."

"தண்ணி வச்சிருக்கவங்க கிட்ட வாங்க. நீ குனிஞ்சு பாருண்ணே."

வயரை மறுபடி மாட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில் அந்த டப்பா மங்கலாகச் சிவந்தது; பிறகு நன்றாகவே சிவந்தது. அவள் இறங்கி, ஒரு நீளக் கம்பின் நுனியில் எரியாமல் தப்பிய வைக்கோலைச் சுற்றி டப்பாவில் வைத்தாள். வைக்கோல் புகைந்தது. உடனே பக்கென்று பிடித்துக்கொண்டது.

வாளித் தண்ணீரை ஊற்றி அதை அணைத்தவர் சோலைமலையை முறைத்தார். "ஏப்பா, தப்ப நீ பண்ணிட்டு இன்னொருத்தனப் போட்டு எங்கள அடிக்க வச்சியா? தெருவே போயிருக்குமேடா!"

கூட்டம் அப்படியே அவன் பக்கம் திரும்பியது. சோலைமலை தங்கையிடம் சீறினான்.

"ஊரு முன்னாடி என்னக் கேவலப்படுத்திட்டேல்ல? அம்புட்டுப் பெருசாப் போயிட்டானா அவன்?"

"இந்த ஆளு வெளிய இருந்தாத்தான்ணே எனக்கு நல்லது. கயித்த அவுத்து விடு."

முத்திருளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் யாரையும் பார்க்காமல் தெருமுனைக்குப் போய் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் முன்னால் நிறுத்தி, பின் சீட்டின் தூசியைத் தன் சட்டை நுனியால் துடைத்தான்.

"ஒன்னையக் கை நீட்டி அடிச்சது தப்புத்தான் தமிழு. ஊரே எதுத்து நின்னப்ப எனக்காக நீ ஒருத்திதான் வந்த. இம்புட்டுப் பாசத்த மனசுல வச்சுக்கிட்டு எதுக்கு இங்க கெடந்து பேச்சு வாங்குற? ஏறு, நம்ம வீட்டுக்குப் போவோம்."

தமிழ்ச்செல்வி கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நேத்துத்தான் விவாகரத்துக் கேஸு போட்டிருக்கேன், நீ ஜெயில்ல கெடந்தா அது வருசக்கணக்குல இழுக்கும்."