குளிராத வண்டி

"உண்மையச் சொல்லு லூயிஸ், நீதான எடுத்த?"

சந்தியாகுவின் குரல் தெருவுக்கே கேட்டது. காரின் பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக் லூயிஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"நானா? என்ன மாமா பேசுறீங்க?"

"ஏ.சி.யோட ரிலேவக் காணோம்னு நீதான சொன்ன? ஈஸ்டர் முடிஞ்சதும் ஆயில் மாத்துறேன்னு இந்த வண்டியத் தொறந்தது யாரு? உன்னத் தவிர வேற எவன் கைய வச்சான்?"

லூயிஸ் ஃப்யூஸ் பெட்டியைப் பார்த்தான். சின்னச் சின்னக் கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் காலி. அந்தக் கட்டை இல்லாவிட்டால் கம்ப்ரஸர் ஓடாது. காற்று வரும், குளிர் வராது.

சந்தியாகுவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இருக்காதா பின்னே? கோடை முழுக்க இந்த ஏ.சி.யோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முதுநகர் வீட்டில் இப்போது தனி ஆள். மனைவி பாத்திமா மேரியைச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் வரத்தான் மகன் சார்லஸ் அந்தக் காரை வாங்கிக் கொடுத்தான். அவள் இறந்த பிறகு வண்டி பெரும்பாலும் வாசலில்தான் நின்றது.

அவள் இருந்தவரை, புனேயிலிருந்து மகன் கூப்பிட்டால் அவள்தான் பேசுவாள். "இருப்பா, அப்பாகிட்ட குடுக்குறேன்" என்பாள். சந்தியாகு வேண்டாமென்று கையை ஆட்டுவார். மகனிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரிந்ததேயில்லை.

அவள் போன பிறகும் அப்படித்தான். "சாப்ட்டியாப்பா?" "ம்." "உடம்பு?" "இருக்கு." அதற்கு மேல் பேச்சு நகராது. சில நாள் மணி அடித்தாலும் எடுக்கத் தோன்றாது.

ஈஸ்டருக்கு வந்துவிட்டுத் திரும்பிய சார்லஸ், புனே போய்ச் சேர்ந்ததும் கேட்டான். "கார்ல ஏ.சி. போட்டுப் பாத்தியாப்பா? நான் ஓட்டுறப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

போட்டுப் பார்த்தார். வெறும் காற்று.

"மெக்கானிக்கயெல்லாம் நம்பாதப்பா. நாமளே பாத்துக்கலாம்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோ கால். ஒரு வாரம் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்த ஃபில்டரை எடுத்துத் தட்டினார். இன்னொரு வாரம் முன்பக்க வலையில் பைப்பை வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார். வியர்த்துக் கொட்டும்.

"தெரியுதாடா? இங்க பாரு, எலி கூடு கட்டியிருக்கு."

"ஐயோ, குடும்பமே இருக்கும் போலருக்கேப்பா!"

அவன் சிரிப்பான். இவரும் சிரிப்பார்.

ஃப்யூஸ் பெட்டியைத் திறக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும், "அது கரண்ட் சமாச்சாரம், தொடாத" என்றுவிட்டான்.

எதிர்வீட்டு பிரிசில்லா ஒருநாள் கேட்டே விட்டாள். "ஏன் மாமா, ஒரு ஆள வச்சுப் பாக்கச் சொல்ல மாட்டாரா ஒங்க புள்ள? இந்த வயசுல ஒங்கள வெயில்ல வாட்டுறாரே!"

அது உறைத்தது. இந்த ஞாயிறு அவன் கூப்பிடும்போது, "சரி பண்ணிட்டேன்டா" என்று சொல்லி அசத்திவிட வேண்டும். சனிக்கிழமையே லூயிஸை வரச் சொன்னார்.

வந்த இடத்தில்தான் இந்தத் திருட்டு.

"மெக்கானிக்க நம்பாதன்னு எம்புள்ள அப்பவே சொன்னான். இரு, அவன்கிட்டயே சொல்றேன். இனிமே இந்தத் தெருவுல எவன் வண்டியிலயாவது நீ கை வச்சுடு பாப்போம்!"

லூயிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டான்.

சந்தியாகு நம்பரைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். அவராக மகனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா! என்னாச்சுப்பா? ஒடம்பு முடியலயா?"

"எனக்கென்ன? ஏ.சி. ரிலேவக் கழட்டிட்டுப் போயிருக்கான்டா, இந்த லூயிஸ் பய. நீயே கேளு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் நின்றது.

"சார்லஸு?"

"லூயிஸ் அண்ணன ஒண்ணும் சொல்லாதப்பா. அவரு எடுக்கல."

"பின்ன?"

"எங்கிட்டதான் இருக்கு. ஊருக்குக் கெளம்புறப்ப நான்தான் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன்."

சந்தியாகு ஃபோனையே வெறித்தார். பையும் கையுமாகக் கேட் வரை போய்விட்ட லூயிஸ் அப்படியே நின்றான்.

"ஏன்டா? எதுக்குடா?"

சார்லஸின் குரல் இறங்கியது.

"அம்மா போனப்புறம் எங்கூடப் பேச யாருமே இல்லப்பா. ஏ.சி. சரியாயிடுச்சுன்னா, நீயும் ஃபோன எடுக்க மாட்டியே..."