பல்லி சொன்ன கப்பல்

அக்கரைத் தீவுக்குப் போகும் பாய்மரக் கப்பலில் பெருச்சாளியும் அணிலும் ஏறின. மூன்று மாதப் பயணம். அங்கே அணிலின் அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

பெருச்சாளி கயிற்றை மோந்து பார்த்தது. பாயை அண்ணாந்து பார்த்தது.

"எத்தனை ஒட்டு பாரு. அத்தனை தடவை கிழிஞ்சிருக்கு."

"அத்தனை தடவை தச்சிருக்காங்க," என்றது அணில்.

"எனக்கென்னவோ இது கரை சேராதுன்னு தோணுது."

அந்த நேரம் பார்த்துக் கப்பலில் குடியிருந்த பல்லி, "ச்சுச்சுச்சு" என்றது.

"கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு."

"நான் என் பொண்டாட்டியைக் கூப்பிட்டேன்," என்றது பல்லி.

"அப்படித்தான் சொல்லுவே."

பெருச்சாளி பலகையை மூன்று முறை தட்டிவிட்டு இறங்கியது. அணிலும் தயங்கித் தயங்கித் தட்டிவிட்டுப் பின்னாலேயே இறங்கியது.

ஏழாம் மாதம் கப்பல் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தது. அணில் ஓடிப்போய்ப் பல்லியிடம் அக்காவைப் பற்றிக் கேட்டது.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. நாங்க கிளம்புறதுக்குள்ள கண்ணை மூடிட்டா."

பெருச்சாளி கப்பலை மேலும் கீழும் பார்த்தது.

"நாம ஏறாததாலதான் இது கரை சேர்ந்திருக்கு."

பல்லி அணிலைப் பார்த்து உச்சுக் கொட்டியது.

"கேட்டியா?" என்று பெருச்சாளி தரையை மூன்று முறை தட்டியது.

இந்தத் தடவை அணில் தட்டவில்லை.