ஒரே பெயர் கொள்ளும் கட்டம்

கனடாவின் வின்னிபெக் நூலகத்தின் மூன்றாம் மாடியில், பனி வெளிச்சம் மேசைமீது வெளிறிக் கிடக்கிறது. கிராமத்துக் கலைஞர்கள் வாசித்த நானூறு பிடில் ஒலிநாடாக்கள் கணினியில் ஏறிவிட்டன. அவற்றின் விவரங்களை எந்தப் படிவத்தில் பதிவது என்று இன்று முடிவாக வேண்டும். தலைவர் வாரன் நீட்டும் படிவத்தில் இசையமைத்தவருக்கு ஒரே கட்டம்; இன்னொரு பெரிய படிவத்தில் மெட்டைக் கற்றுத்தந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். "தெரியாதுன்னு போட்டுட்டுப் போ, ரோசலின். எல்லா நூலகத்துலயும் இதுதான்." ரோசலின் ஒரு நாடாவை ஓடவிடுகிறாள். நாடாவில் பிடில்காரர் தொண்டையைச் செருமுகிறார். "இது ஆர்சன் லரோக் குடுத்த மெட்டு. அவனுக்குக் குடுத்தது அவன் மாமன் பாட்டிஸ். மாமனுக்கு ஆத்தங்கரை மேடலின்." அதன்பிறகே பிடில்மேல் வில் இறங்குகிறது, தரையில் பூட்ஸ்கால் தாளத்தோடு. "யார்கிட்ட கத்துக்கிட்டோம்னு சொல்லாம ஒருத்தரும் வாசிக்கல, வாரன். நாமதான் தெரியாதுங்கறோம். நாளைக்கு அவங்க வீட்டு ஆளுங்க பேரைப் போட்டுத் தேடினா வெறும் பக்கந்தான் வரும்." "பெரிய படிவம்னா ஒரு நாடாவுக்கு ஒரு மணி நேரம். ரிட்டயர் ஆகற வரைக்கும் இதையே அடிச்சிட்டிருப்பே." "இருக்கேன்." அவள் பெரிய படிவத்தைத் திறக்கிறாள். "இன்னும் முடிவு பண்ணலையே" என்கிறார் வாரன். ஆர்சன் லரோக் என்று அடிக்கிறாள். பாட்டிஸ் என்று அடிக்கிறாள். வாரன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் மேடலினுக்கு அடுத்த கட்டத்தைத் திறக்கிறாள்.