கோபுரத்தில் நின்ற வெயில்

ஞானப்பூ ஓடினாள். ஒரு செருப்பு வாய்க்காலோடு போயிற்று, திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் திருவிருந்து. சூரியன் அடையுமுன் கோபம் தணிய வேண்டும் என்ற வசனத்தை அவர்கள் வீட்டில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள். தவறினால் அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை. காலையில், அப்பாவின் வேதாகமம் யாருக்கு என்ற சண்டையில், "நீ எனக்கு அண்ணனே இல்ல" என்று வேதமுத்துவிடம் கத்தியிருந்தாள்.

அண்ணன் வேலைக்குப் போயிருந்த வேதக்கோயில் வாசலுக்கு வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஏட்டி, அழாத!"

கோபுர உச்சியில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பிடித்தபடி வேதமுத்து நின்றிருந்தான். அவன் முகம் முழுக்க மஞ்சள் வெயில்.

"இங்க இன்னும் அடையல. சீக்கிரம் சொல்லு!"

"தப்புதாண்ணே! மன்னிச்சிரு!"

"மன்னிச்சாச்சு! நான் பேசுனதும் தப்புதான்!"

வெயில் அவன் முகத்தைவிட்டு நழுவியது.

"நல்லவேளை, அண்ணனுக்கு மேல வேலை இருந்துச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணைத் துடைத்தாள் ஞானப்பூ.

கீழே அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருந்த கோயில் உபதேசியார் மரத்துப்போன கையை உதறினார்.

"வேலையா? நட்சத்திரத்த மூணு மணிக்கே கட்டியாச்சும்மா. இறங்க மாட்டேன்னுட்டான்."